நாற்பத்து மூணாம் தாழி

எங்க அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவ. இன்னைக்குத் தேதிக்கு நான் அவளைவிட எட்டு வயசு மூத்தவ. பறம்புச்செவல் ஊர்க்காரங்க யாரையாவது நிறுத்திக் கேட்டீங்கன்னா அவளுக்கு ரெண்டாயிரத்து அறுநூறு வயசுன்னு சொல்லுவாங்க, சொல்றப்ப ஒருத்தர் கண்ணும் சிமிட்டாது. மொத ரெண்டும் நெசம். மூணாவதை நான் சம்பளம் வாங்கிக்கிட்டுத் தினமும் காலையில ஒம்பதரை மணியிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்.

பட்டணத்துலேர்ந்து அகழாய்வுக்குன்னு ஒரு குழு வந்த வருஷம் நான் பிளஸ் ஒன். ஊருக்கு மேக்க, ஓடை தாண்டி, ஒண்ணுக்கும் ஆகாத புறம்போக்கு மேடு ஒண்ணு கெடந்துச்சு, ஆடு மேய்க்கிறவங்க தவிர யாரும் ஏறமாட்டாங்க. ஒரு ஐப்பசி மழையில அங்க ஒரு பெரிய பானையோட வாய் தெரிஞ்சு, அதை எவனோ செல்போன்ல படம் புடிச்சுப் போட, அந்தப் படம் எங்கெங்கயோ சுத்தி, கடைசியில கற்பகவல்லி மேடம்னு ஒரு அதிகாரி தலையில தொப்பியும் கழுத்துல துண்டுமா ஜீப்புல வந்து இறங்கினாங்க. சொந்த மண்ணைச் சொந்தப் பிள்ளைங்க தோண்டட்டும், இருபது பேரைக் குடுங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டாங்க. எங்களுக்கென்ன, கணக்குப் பாடம் இல்லேன்னா பாதாளம் வரைக்கும் தோண்டுவோம்.

தினமும் காலையில ஜெயசீலன் சார் எங்களை வரிசையா நடத்திக் கூட்டிட்டுப் போயி, குழி ஓரத்துல நிறுத்தி, அங்கயே அட்டெண்டன்ஸ் எடுப்பாரு. உலகமே அழியப் போகுதுன்னாலும் அந்த மனுசன் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டுத்தான் அழியவிடுவாரு. காளீஸ்வரின்னு அவரு கூப்பிட, உள்ளேன் ஐயான்னு நான் சொல்ல, பக்கத்துல ஆடுங்க நின்னு வேடிக்கை பாக்கும்.

மொத நாளே மேடம் எங்களை உக்காரவச்சு ரெண்டு விஷயம் சொன்னாங்க. "மேல இருக்கறது புதுசு, கீழ இருக்கறது பழசு. மண்ணடுக்கு கலையாம இருந்தா, கீழ இருக்கறதை நேத்து யாரும் கொண்டுவந்து வச்சிருக்க முடியாது. மனுசன் பொய் சொல்லுவான், மண்ணு சொல்லாது" அப்படின்னாங்க. ரெண்டாவது, ஒரு அடுக்குல ஆயிரம் பழைய சாமான் கெடச்சாலும் அதுங்களோட ஒரே ஒரு புதுச் சாமான் கெடந்தா, அந்தப் புதுசோட வயசுதான் அந்த அடுக்கோட வயசு. "அப்ப நடுவுல ஒரு பிளாஸ்டிக் சீப்பு கெடச்சா மேடம்?"னு நான் கேட்டேன். "அம்புட்டும் பிளாஸ்டிக் சீப்புக் காலம்தான், போ"ன்னு சிரிச்சாங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு பதிவேடு எழுதுற வேலையை எனக்கே குடுத்தாங்க. எண், குழி, ஆழம், பொருள், விவரம்னு கட்டம் கட்டமா இருக்கும். பாத்ததை எழுதணும், நெனச்சதை எழுதக் கூடாது, அவ்வளவுதான் வேலை.

கொத்தனார் கரண்டியாலயும் பெயிண்ட் பிரஷாலயும் நாங்க சுரண்டச் சுரண்ட, தாழி தாழியா வந்துச்சு. ஆளு உயரத்துக்கு மண்ணுப் பானை, உள்ள செத்தவங்க எலும்பு, கூட ஒரு கருப்பு சிவப்புக் கிண்ணம், துருப்புடிச்ச கத்தி, கொஞ்சம் உமி. பத்து ஆச்சு, இருபது ஆச்சு, நாப்பத்திரெண்டு ஆச்சு. ரெண்டாயிரத்து அறுநூறு வருஷத்துப் பழசுன்னு மேடம் கணக்குச் சொன்னாங்க. அதுவரைக்கும் பஸ்ஸுகூட நிக்காத ஊருக்குக் காருங்க வர ஆரம்பிச்சுது. டீக்கடையில உக்காந்து நேத்துவரைக்கும் சீட்டாடினவனெல்லாம் எம் பாட்டன் பூட்டன் ரோமாபுரியோட யாவாரம் பண்ணினவன்டான்னு மீசையைத் தடவினான். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியிலேர்ந்து ரெண்டு பேரு வந்து, இதுல எங்க பாட்டன் யாராவது இருப்பாங்களாம்மான்னு மேடத்தைக் கேட்டாங்க. மேடம் பதில் சொல்லுறதுக்குள்ள எங்க சித்தப்பா ராமர், "கெடைக்கறப்ப சொல்லி விடுறோம், போங்க"ன்னு அனுப்பிவிட்டாரு. எங்க அப்பா வேல்ச்சாமி அப்ப சந்தனமாரி அம்மன் கோயில் தலைவரு. மைக்கைக் கண்டா விடமாட்டாரு. "நம்ம ரத்தம் சுத்தமான ரத்தம்யா, ரெண்டாயிரத்து அறுநூறு வருஷமா கலக்காத ரத்தம்"னு பேசினாரு, ஊரே கை தட்டுச்சு, நானும் தட்டினேன்.

அந்த அம்மன் பேரைத்தான் எங்க அக்காவுக்கு வச்சிருந்தாங்க. ஏழு வருஷம் பிள்ளை இல்லாம எங்க அம்மா அந்தக் கோயில்ல மண்சோறு தின்னு பெத்தவ அவ. சந்தனமாரி. பிளஸ் ஒன் படிக்கையில காலனிப் பையன் எட்வினோட பேசினா, பேசினான்னா பேசினா, அவ்வளவுதான், பள்ளிக்கூட வாசல்ல வேதியியல் நோட்டைக் குடுத்து வாங்கினா, அவன் ஏதோ சொன்னதுக்குச் சிரிச்சா. சிரிச்சதை ஒருத்தர் பாத்து, பாத்ததை ஒம்பது பேரு சொல்லி, ஒரு நாள் காலையில யூனிபார்ம் போட்டுக் கெளம்பினவளை, வா நாங்களே கொண்டுபோயி விடுறோம்னு அப்பாவும் சித்தப்பாவும் பைக்குல நடுவுல உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. சாயங்காலம் அப்பா மட்டும் வந்து, காலைக் கழுவிட்டு, சோத்தைப் போட்டுத் தின்னுட்டு, அவளைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னாரு. எனக்குப் பத்து வயசு. எப்பப்பா வருவான்னு கேட்டேன், செவுள்ல ஒண்ணு விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஊரே திருப்பூர் திருப்பூர்னு சொல்லுச்சு, திருப்பூர்ல எந்தக் கம்பெனின்னு ஒரு நாதியும் கேக்கல. எட்வின் வீட்டுக்காரங்க ஒரு வாரத்துல சட்டிபானையைக் கட்டிக்கிட்டு ஊரைவிட்டே போயிட்டாங்க. அப்ப அவ கிளாஸுக்கு வாத்தியாரா இருந்த ஜெயசீலன் சார் மட்டும் முப்பது நாள் அவ பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. முப்பது நாள் தொடர்ந்து வரலேன்னா பேரை அடிக்கணும்கிறது விதி, அதனால முப்பத்தோராவது நாள் சிவப்பு மையால அடிச்சாரு.

அவ போயி ஆறு வருஷம் கழிச்சு, நான் அவ படிச்ச அதே கிளாஸ் படிக்கையில, அதே பதினாறு வயசுல, மாசி மாசத்துல ஒரு நாள் நாப்பத்து மூணாம் தாழி தட்டுப்பட்டுச்சு.

ரெண்டு மீட்டர் நாப்பது ஆழம், மத்த நாப்பத்திரெண்டும் கெடந்த அதே அடுக்கு. மேல செம்மண், அதுக்குக் கீழ சாம்பல், அதுக்குக் கீழ கெட்டிப்பட்ட கரிசல், ஒரு அடுக்குலயும் ஒரு எலி வளைகூடக் கெடையாது. மேடம் மூணு தடவை குழிக்குள்ள இறங்கிச் சுவரைத் தடவிப் பாத்தாங்க. மூடி ஒடையாத தாழி, வாய்க்குக் களிமண் பூசினது பூசினபடி இருக்குன்னு அவங்களுக்குச் சந்தோசம் தாங்கல. மத்த தாழியெல்லாம் மேல இருந்த பாரத்துல நொறுங்கிக் கெடச்சது, இதுதான் முழுசு, ஊரே வந்து பாக்கட்டும்னுட்டாங்க. கோயில்ல மணியடிச்சு ஆளுகளைக் கூப்பிட்டாங்க. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், குழியைச் சுத்தி கயித்துக்கு வெளிய நின்னாங்க. எங்க அப்பாவுக்கு மரியாதைக்காக முன்னால எடம் விட்டாங்க. சார் அப்பத்தான் அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சிருந்தாரு, நோட்டு கையில திறந்தபடி இருந்துச்சு.

மூடியைத் தூக்கினாங்க.

உள்ள எங்க அக்கா உக்காந்திருந்தா. நீலக் கட்டம் போட்ட சட்டை, மடக்கின முழங்கால், முழங்கால் மேல தாடை. வலது கையி நடுவிரல்ல மைக்கறை. ஒரு கால்ல செருப்பு இருந்துச்சு, இன்னொண்ணுல இல்ல. எடது சடையில ரிப்பன் இருந்துச்சு. வலது சடை ரிப்பன் கழுத்துல இருந்துச்சு. கண்ணு மூடியிருந்துச்சு, மூச்சு மட்டும் வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருந்துச்சு.

 ஒரு பொம்பளைகூட அய்யோன்னு சொல்லல. அடுத்த வீட்டுக்காரங்க சண்டை போட்டுக்கிட்டிருக்கையில தெரியாம உள்ள நொழைஞ்சுட்டவங்க மாதிரி எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஜெயசீலன் சார்தான், வேணும்னு செஞ்சாரோ வாய்ப்பழக்கமோ, நோட்டைப் பாக்காமலே கூப்பிட்டாரு.

"சந்தனமாரி?"

"உள்ளேன் ஐயா" அப்படின்னா அக்கா. கண்ணைத் திறக்கல, தலையைத் தூக்கல, ஆனா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குற மாதிரி, எப்பவும் சொல்ற மாதிரி சொன்னா.

சார் நோட்டை மூடிட்டாரு. மூடினவரு ஓடைப் பக்கமா நடந்து போயிட்டாரு, அந்த வாரமே தூரமா ஒரு ஊருக்கு மாத்தல் வாங்கிட்டாரு, அதுக்கப்புறம் அவரை நான் பாக்கல.

"யாரு இந்தப் பொண்ணு? யாருக்காவது தெரியுமா?"ன்னு மேடம் ஒவ்வொரு மூஞ்சியா பாத்தாங்க. அவளுக்குப் பூ வச்சுவிட்ட பக்கத்து வீட்டு அத்தை அங்க நின்னுச்சு. அவளோட சேந்து பாவாடை தாவணியில கும்மியடிச்ச பிள்ளைங்க இடுப்புல குழந்தையோட நின்னாளுங்க. ராமர் சித்தப்பாதான் தொண்டையைச் செருமினாரு.

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்கதான சொன்னீங்க, கலையாத மண்ணு, தொறக்காத மூடி, ரெண்டாயிரத்து அறுநூறு வருஷம்னு. மண்ணு பொய் சொல்லாதுல்ல?"

"அதான, அதான"ன்னு சனம் மொத்தமும் மூச்சு விட்டுச்சு.

அக்கா கழுத்துல பள்ளிக்கூடத்து அடையாள அட்டையும் தொங்குச்சு. மேடம் குனிஞ்சு அதைப் படிச்சாங்க. படிச்சுட்டு என்கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாங்க: "இது இந்தக் காலத்துப் பொண்ணுன்னா நாப்பத்திரெண்டு தாழியும் இந்தக் காலத்துப் பானைதான், காளீஸ்வரி. என் பதினெட்டு வருஷமும் குப்பை, உங்க ஊரும் மறுபடி பஸ்ஸு நிக்காத ஊருதான். நீ எழுது. பாத்ததை எழுது." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழட்டி வேர்வையைத் தொடச்சுக்கிட்டாங்க. பெரிய மனுசிதான். தூக்க முடியாததைத் தூக்கிப் பிளஸ் ஒன் படிக்கிறவ தலையில வச்சுட்டுத் தொப்பியால விசிறிக்கிட்டாங்க.

பேனாவைத் தொறந்தேன். எதிர்ல அப்பா. அவரு மொறைக்கல, சாப்பாட்டுக்கு நடுவுல தண்ணி கேக்குறதுக்கு முன்னால பாப்பாரே அப்படித்தான் பாத்தாரு. பொம்பளைங்க பக்கம் அம்மா. முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு, என்னைப் பாத்து, வேணாம் வேணாம்னு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்தை, ஆறு எழுத்து, எழுதியிருந்தா அக்கா வீட்டுக்கு வந்திருப்பா. எழுதினேன்: எண் 43. ஆழம் 2.40 மீட்டர். தாழி, முழுமையானது. உள்ளே பெண், வயது சுமார் பதினாறு. பெயர்: தெரியவில்லை. என் கையெழுத்து அன்னைக்கு மாதிரி என்னைக்குமே அழகா இருந்ததில்ல. அப்பா கயித்தைத் தாண்டிக் குழிக்குள்ள இறங்கி, அந்த அட்டையைக் கழட்டி, தூசி தட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

அப்புறம் ஊரு அவளை ஏத்துக்கிட்டதைப் பாக்கணுமே! உசிரோட இருந்தப்ப ஒரு சிரிப்பைத் தாங்காத ஊரு, ரெண்டாயிரத்து அறுநூறு வயசானதும் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுது. ஆதிமகள்னு பேரு வச்சாங்க. அந்தக் காலத்துலயே கட்டம் போட்டு நெய்ஞ்சிருக்கான்யா நம்ம ஆளுன்னு சட்டையைக் காட்டிப் பெருமைப்பட்டாங்க. விரல்ல மைக்கறையா, பாத்தியா, அப்பவே எழுதப் படிக்க வச்சிருக்கோம் பொம்பளைப் பிள்ளையை. ஒத்தைச் செருப்பா, அது ஏதோ சடங்கு. கழுத்துல இறுகியிருந்த ரிப்பனை ஆதிகாலத்து ஆபரணம்னு ஒரு பெரியவரு ரெண்டு மணி நேரம் பேசினாரு, அதுக்கடுத்த திருவிழாவுல எங்க தெருப் பிள்ளைங்கெல்லாம் கழுத்துல ரிப்பன் கட்டிக்கிட்டு ஆடுச்சுங்க. நானும் கட்டிக்கிட்டேன். கட்டிவிட்டது அம்மா.

ஒரே ஒரு தொந்தரவுதான். பேரைச் சொன்னா அவ பதில் சொன்னா. குழிக்கு மேல கூரை போட்டு அவளை அங்கயே வச்சிருந்தப்ப, தெருவுல எந்த மூலையில சந்தனமாரின்னு கூப்பிட்டாலும் மேட்டுலேர்ந்து உள்ளேன் ஐயான்னு சத்தம் வரும். ஊர்ல வேற மூணு சந்தனமாரி இருந்தாளுங்க. ஒருத்தி சந்தனம் ஆனா, ஒருத்தி மாரி ஆனா, கைக்குழந்தையா இருந்த மூணாவதுக்கு ஆதிமகள்னே பேரை மாத்தினாங்க. சாமிக்கு என்ன செய்யறது? பூசாரி "சந்தனமாரித் தாயே"ன்னு கற்பூரத்தைத் தூக்குவாரு, மேட்டுலேர்ந்து உள்ளேன் ஐயான்னு வரும், தீபாராதனைத் தட்டு கையில ஆடும். ரேடியோ செட்டுல அம்மன் பாட்டுப் போட்டா வரிக்கு வரி ஆஜர் சொல்லுவா. பங்குனிப் பொங்கல் அன்னைக்கு நூத்தியெட்டுப் போற்றி சொன்னாங்க, நூத்தியெட்டுத் தடவையும் அவ விடாம சொன்னா, கடைசியில தொண்டை கட்டிப்போச்சு அவளுக்கு. மறுநாள் ஊர்க்கூட்டம். எந்திரிச்சவரு எங்க அப்பாதான். "மாரியம்மன்னு சொன்னாலும் ஆத்தாவுக்குத் தெரியும்ல, யாரைச் சொல்றோம்னு" அப்படின்னாரு. கோயில் வளைவுல எழுதியிருந்த பேர்ல சந்தனத்தை மட்டும் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சாங்க. சாமி பேரையே அடிச்ச ஊரு எங்க ஊரு. சாமியும் சும்மாத்தான் இருந்துச்சு.

மேட்டுக்குப் பக்கத்துலயே மியூசியம் கட்டினாங்க. நடுக் கூடத்துல கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள தாழியோட அக்கா. தெறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினது எங்க அப்பா. காலேஜ் முடிச்சதும் எனக்கு அங்கயே வேலை வாங்கிக் குடுத்தாரு, வர்றவங்களுக்கு விளக்கம் சொல்ற வேலை. "கையெழுத்து மாதிரியே குரலும் நல்லாத்தான இருக்கு உனக்கு" அப்படின்னாரு.

அம்மா வெள்ளிக்கெழமைதோறும் வந்து வரிசையில நின்னு, வெளியூர்க்காரங்களோட வெளியூர்க்காரியா அக்காவைப் பாப்பா. கண்ணாடிமேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நிப்பா. நான்தான் பக்கத்துல நின்னு, தொடாதீங்க, தள்ளி நில்லுங்கன்னு எல்லாருக்கும் சொல்ற மாதிரி அவளுக்கும் சொல்லணும். ஒருநாள் பொறுக்கமாட்டாம, "ஒரு தடவை கூப்பிடேன்ம்மா, உன் குரலைக் கேக்கட்டும்"னேன். "சும்மா இருடி. வெளியாளுக காதுல விழுந்தா ஒங்கப்பனைப் புடிச்சுக்கிட்டுப் போயிருவான். அப்புறம் ஒன்னை எவன் கட்டுவான்? அவளைத்தான் வாரிக் குடுத்துட்டேன், ஒன்னையாவது கரையேத்தணும்"னா. என்னைக் கரையேத்தாமலேதான் போன வருஷம் செத்தா. சாகறப்ப எம் பேரைச் சொல்லி அழுதா, அவ பேரைச் சொல்லல. அம்புட்டுக் கட்டுப்பாடு எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு.

போன மாசம் தூரத்துலேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் வந்துச்சு, ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைங்க. நான் வழக்கம்போல எல்லாம் சொன்னேன்: கட்டம், மைக்கறை, சடங்கு, ஆபரணம். கெளம்புறதுக்கு முன்னால அந்த டீச்சர், ஒண்ணு ரெண்டு தொலைஞ்சு போயிரக் கூடாதேன்னு, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலயே நிறுத்தி அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க.  நான் சுதாரிக்கறதுக்குள்ள அந்தப் பேரு வந்துருச்சு.

"சந்தனமாரி?"

"உள்ளேன் டீச்சர்"னு ஒரு பிள்ளை கையைத் தூக்குச்சு. "உள்ளேன் ஐயா"ன்னு பெட்டிக்குள்ளேர்ந்து வந்துச்சு. தொண்டை அப்படியே கட்டிப்போயிருந்துச்சு, ஆனா முந்தியவிட வேகமா, எங்க தன்னை விட்டுட்டுப் போயிருவாங்களோங்கிற மாதிரி சொன்னா.

டீச்சர் நோட்டுலேர்ந்து தலையைத் தூக்கினாங்க. "ரெண்டு குரல் கேட்டுச்சே. இங்க வேற யாராவது சந்தனமாரி இருக்காங்களாம்மா?"

என்னைத்தான் கேட்டாங்க. அப்பா அங்க இல்ல, அம்மா செத்துட்டா, மேடம் எங்கயோ பெரிய பதவியில இருக்காங்க. அந்தக் கூடத்துல ஊர்க்காரின்னா நான் ஒருத்திதான். எனக்கு இருபத்துநாலு வயசு, பதினாறு இல்ல.

"இல்ல டீச்சர், எதிரொலி"ன்னேன்.

டீச்சர் அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க. கையைத் தூக்கின பிள்ளை மட்டும் போகையில திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. "அக்கா, அவங்க வாய் அசஞ்சுச்சுக்கா"ன்னு சொல்லுச்சு. "அசையாது, போ, பஸ்ஸு போயிரும்"னேன்.

சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லாரையும் அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, பெட்டிக்கு முன்னால போயி நின்னேன். பதினாலு வருஷத்துல மொத தடவையா வாயைத் தொறந்து கூப்பிட்டேன். சந்தனமாரி. பதில் வரல. தொண்டை கட்டியிருக்கும்னு கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். அக்கான்னும் கூப்பிட்டேன். மூச்சு வந்துக்கிட்டும் போய்க்கிட்டும்தான் இருந்துச்சு, தாடை முழங்கால்மேல அப்படியே இருந்துச்சு, வாய் அசையல. கதவைத் தொறந்து போட்டுக் கூப்பிட்டேன், கோயில்வரைக்கும் கேட்டிருக்கும், டீக்கடைவரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவங்க யாரும் என்னன்னு வரல, அவளும் சொல்லல.

லீவு நாள்லகூட சாவி வாங்கித் தொறந்து, அன்னைலேர்ந்து தினமும் அஞ்சரைக்குக் கூப்பிடுறேன். இன்னைக்கோட இருபத்தொம்பது நாள். நாளைக்கும் கூப்பிடுவேன். அதுக்கப்புறம் விதிப்படி பேரை அடிக்கணும், பதிவேட்டை எடுத்து நாப்பத்து மூணாம் எண்ணைப் பாத்தேன், அடிக்கறதுக்கு நான் அந்தப் பேரை எழுதவே இல்ல.